பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டபின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

2008 முதல் 2015 வரை வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா ஹார்டு டிஸ்க்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிரைவ்) மாட்டுவது அரை மணி நேர வேலை. மாட்டி முடித்து மெஷின் எழவில்லை என்றதும் "எஸ்எஸ்டி டெட்" என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். புது எஸ்எஸ்டி பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்திருப்பது அபூர்வம். கோளாறு கனெக்டரில் இருக்கும், பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் எழும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கில் இருக்கும், இல்லாவிட்டால் க்ளோன் (பழைய டிஸ்க்கின் அச்சு அசலான நகல்) எடுத்த விதத்தில் இருக்கும்.

அறிகுறி எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பயாஸுக்குள் போனால் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா? டெல், ஏசர் என்றால் ஆன் செய்ததும் எஃப்2, எச்பிக்கு எஃப்10, திங்க்பேடுக்கு எஃப்1. பெயர் தெரியவில்லை என்றால் பிரச்சினை ஹார்டுவேரில். விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் பயன் இல்லை. பெயர் தெரிகிறது என்றால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடலாம்; இனி பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலை.

திறக்கும் முன் சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பழைய டிஸ்க்கைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு அழிக்க வேண்டாம். அதுவரை உங்களிடம் இருக்கும் ஒரே பேக்கப் அதுதான்.

## உள்ளே உட்காரவில்லை, அல்லது உட்கார்ந்தும் ஆடுகிறது

பழைய ஹார்டு டிஸ்க் 9.5 மிமீ தடிமன், எஸ்எஸ்டி 7 மிமீ. 9.5 மிமீ குழியில் 7 மிமீ டிரைவ் போகும். ஆனால் இரண்டரை மிமீ இடைவெளி மிஞ்சும். பழைய டிஸ்க்கோடு இருந்த உலோகத் தட்டிலேயே நான்கு ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினால் பிரச்சினை இல்லை. தட்டு இல்லாத மாடலில், எஸ்எஸ்டியோடு சில கம்பெனிகள் கொடுக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் இரட்டைப் பக்க ஃபோம் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக, கனெக்டர் நேர்க்கோட்டில் வரும் பக்கமாகப் பார்த்து ஒட்டினால் போதும். ஆடும் டிரைவ், லேப்டாப்பைத் தூக்கும்போதெல்லாம் சாட்டா முனைகளை அசைக்கும். ஒரு மாதம் கழித்து வரும் "திடீர் ஹேங்"கில் பாதி இந்த வகை. திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 இரண்டிலும் குழியே 7 மிமீதான் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. பழைய டிஸ்க்கின் ரப்பர் தண்டவாளங்களைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டினால் முடிந்தது.

டிரைவைத் தட்டோடு பிணைப்பவை எம்3 ஸ்க்ரூ, 3 மிமீ நீளம் போதும். லேப்டாப்பின் அடிமூடியில் இருக்கும் எம்2, எம்2.5 ஸ்க்ரூக்களோடு கலந்துவிடாதீர்கள். நீளமான ஸ்க்ரூ உள்ளிருக்கும் போர்டைக் குத்தும்.

2006க்கு முந்திய மெஷின்களில் சிலவற்றில் 44 முள் ஐடிஇ கனெக்டர் இருக்கும். டிரைவை உருவிப் பார்த்தால் இரண்டு வரிசை முட்கள் தெரியும். சாட்டா எஸ்எஸ்டி அதில் மாட்டாது.

## பயாஸில் பெயரே இல்லை

எச்பியில் "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று 3எஃப்0 எண்ணோடு வரும். திங்க்பேடில் 2100 என்ற எண்ணோடு வரும். மெஷின் எதுவானாலும் சோதிக்கும் வரிசை ஒன்றுதான்.

டிரைவை முழுதாக வெளியே எடுத்து மறுபடி நேராகத் தள்ளுங்கள். சாட்டாவில் டேட்டாவுக்கு 7 தொடுமுனை, பவருக்கு 15 தொடுமுனை. சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தால் பவர் வந்து டேட்டா வராமல் போவது உண்டு. பழைய டிஸ்க்கின் முனையில் ஒரு சின்ன அடாப்டர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல மாடல்களில் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே அப்படி ஒன்று இருக்கும். அதைக் கழற்றிப் புது டிரைவுக்கு மாற்ற மறந்துவிடுவார்கள்.

அப்படியும் வரவில்லையா? எஸ்எஸ்டியை யுஎஸ்பி-சாட்டா கேபிளில் வேறொரு கணினியில் மாட்டுங்கள். பழைய டிஸ்க்கை லேப்டாப்பில் திரும்பப் போடுங்கள். இரண்டு சோதனையும் சேர்ந்தால் விடை வந்துவிடும். எஸ்எஸ்டி வெளியே தெரிகிறது, பழைய டிஸ்க் உள்ளே தெரியவில்லை என்றால் குற்றவாளி கேபிள் அல்லது போர்டு கனெக்டர். எஸ்எஸ்டி வெளியேயும் தெரியவில்லை, பழைய டிஸ்க் உள்ளே ஒழுங்காக ஓடுகிறது என்றால்தான் எஸ்எஸ்டியைக் கடையில் மாற்றலாம். வெளியே சோதிக்கும்போது "திஸ் பிசி"யை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். புது எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் இல்லாததால் அங்கே வராது. டிஸ்க் மேனேஜ்மென்டில் "அன்அலொகேட்டட்" என்று வந்தாலே டிரைவ் உயிரோடு இருக்கிறது.

எஸ்எஸ்டி வெளியே தெரிகிறது, உள்ளே தெரியவில்லை, ஆனால் பழைய டிஸ்க் உள்ளே ஓடுகிறது: இதுதான் ஆளைக் குழப்பும் நிலை. ரிப்பன் கேபிள் நைந்திருந்தால் பழைய டிஸ்க்கின் வேகத்தைத் தாங்கும், எஸ்எஸ்டியின் 6 ஜிகாபிட் வேகத்தைத் தாங்காது. 2012 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இது பெயர்பெற்ற கோளாறு. ஆன் செய்தால் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் மின்னும். அதே எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் மாட்டி, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் ஜோராகப் பூட் ஆகும். மெல்லிய அந்த ரிப்பன் அலுமினிய உடம்பின்மேல் மடிந்து கிடப்பதால் மடிப்பில் உள்ளுக்குள்ளேயே தேய்கிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. 2012 மாடலுக்கான கேபிள் என்று பார்த்து வாங்குங்கள். புதுசைப் போடும் முன் அது உரசும் இடத்தில் உடம்பின்மேல் இன்சுலேஷன் டேப் ஒரு பட்டை ஒட்டினால் ஆயுள் கூடும். அடிமூடிக்குப் பத்து பிலிப்ஸ் ஸ்க்ரூ, அதில் மூன்று நீளமானவை. எது எங்கிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு குமிழ் ஸ்க்ரூவைக் கழற்ற டி6 டார்க்ஸ் வேண்டும். இடுக்கியால் திருகினால் தலை வழுக்கிவிடும்.

எம்சாட்டா, எம்.2 துளை (கார்டு வடிவச் சின்ன எஸ்எஸ்டிகளுக்கானவை) உள்ள மெஷினில் இன்னொரு வகைத் தவறு நடக்கும். எம்சாட்டாவும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸும் பார்க்க ஒரே அச்சு; கார்டு அழகாக உட்காரும், ஆனால் அந்தத் துளைக்கு சாட்டா இணைப்பு இல்லையென்றால் எதுவும் தெரியாது. எக்ஸ்220, டி420, டி430 மூன்றிலும் மொபைல் டேட்டா கார்டுக்கான துளையில் எம்சாட்டா ஓடும். சாட்டா 2 வேகத்தில்தான். எம்.2வில் சாட்டாவும், பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக ஓடும் என்விஎம்இயும் ஒரே அளவில் வருகின்றன. சாட்டா வகைக்குப் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இக்கு ஒரு வெட்டு. பழைய மெஷினின் எம்.2 துளை சாட்டா மட்டும் என்றால் என்விஎம்இ தெரியவே தெரியாது.

## பெயர் தெரிகிறது, ஆனால் கறுப்புத் திரையில் "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்"

இதே கோளாறு சில மெஷின்களில் "மீடியா டெஸ்ட் ஃபெய்லியர், செக் கேபிள்" என்று வரும். கேபிள் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மெஷினை மறுபடி திறக்காதீர்கள். அது நெட்வொர்க் கேபிளைச் சொல்கிறது. டிஸ்க்கிலிருந்து பூட் ஆக முடியாமல், லேப்டாப் கடைசி முயற்சியாக நெட்வொர்க்கில் தேடுகிறது, அவ்வளவுதான்.

பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். அப்புறம் பூட் முறை. பழைய டிஸ்க் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் அட்டவணை) வகையாக இருந்தால் பயாஸில் பழைய பூட் முறையான லெகசி அல்லது சிஎஸ்எம் வேண்டும். ஜிபிடி (புதிய அட்டவணை) என்றால் புதிய பூட் முறையான யுஇஎஃப்ஐ வேண்டும். க்ளோன் மென்பொருள் பழைய டிஸ்க்கின் வகையை மாற்றி எழுதியிருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டுவீர்கள். பழைய டிஸ்க் எந்த வகை என்பதை டிஸ்க் மேனேஜ்மென்டில் வலது க்ளிக், ப்ராபர்டீஸ், வால்யூம்ஸ் என்று போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு காரணம், சி டிரைவை மட்டும் க்ளோன் செய்தது. விண்டோஸ் எழத் தேவையான பூட் கோப்புகள் "சிஸ்டம் ரிசர்வ்டு" அல்லது இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனில் இருக்கின்றன. சி-யை மட்டும் தூக்கிவந்தால் அவை பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடும். முழு டிஸ்க்கையும் மறுபடி க்ளோன் செய்வதுதான் எளிது.

புதிதாக விண்டோஸ் போட்டவர்களுக்கும் இது வரும். இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்க்கும் மாட்டியிருந்தால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும். அன்றைக்கு எல்லாம் ஓடும். பழைய டிஸ்க்கைக் கழற்றிய நாளில் நின்றுவிடும். இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டி ஒன்று மட்டும் உள்ளே இருக்கட்டும்.

## "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்து நிற்கிறது

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் பல, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. அவற்றில் ஆன் செய்ததும் முதலில் வருவது லினக்ஸின் கிரப் மெனு. லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸ் பார்ட்டிஷன்களை மட்டும் க்ளோன் செய்தால், டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் கிரப்பும் கூடவே வந்துவிடும். அது தேடும் கோப்புகளோ லினக்ஸ் பார்ட்டிஷனோடு பழைய டிஸ்க்கிலேயே நின்றுவிடும்.

விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, ரிப்பேர், கமாண்ட் ப்ராம்ப்ட் என்று போய், பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தேர்வோடு ஓட்டினால் கிரப் போய் விண்டோஸின் பூட் கோடு வந்துவிடும். விண்டோஸ் பார்ட்டிஷன் "ஆக்டிவ்" என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

## விண்டோஸ் லோகோ வருகிறது, உடனே நீலத்திரை: "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்"

இது எஸ்எஸ்டி கோளாறே இல்லை. சாட்டா கன்ட்ரோலர் எந்த முறையில் இருந்தபோது விண்டோஸ் போடப்பட்டதோ, அந்த முறை மாறியிருக்கிறது. பயாஸில் சாட்டா மோடு என்ற இடத்தில் ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என்று இருக்கும்.

"நான் பயாஸைத் தொடவே இல்லையே" என்பார்கள். உண்மையாகவே தொட்டிருக்க மாட்டார்கள். பத்து வருட மெஷினில் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். டிரைவ் மாற்றுவதற்காகப் பெரிய பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிய நிமிடத்தில் பயாஸ் தன் நினைவை இழந்து, கம்பெனி வைத்த இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். நாணய பேட்டரியை மாற்றிவிட்டு மோடை முன்பிருந்ததற்குத் திருப்புங்கள். எது முன்பிருந்தது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம், கெடுதல் இல்லை.

மெஷின் எழுந்த பிறகு ஏஎச்சிஐக்கு மாறுவது நல்லது. விண்டோஸ் 8, 10 என்றால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் "சேஃப் பூட்" டிக் செய்து, ரீஸ்டார்ட் செய்து, நேரே பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ வைத்துச் சேமியுங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். விண்டோஸ் 7க்கு இந்த வழி ஆகாது. ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பகுதிக்குள் எம்எஸ்ஏஎச்சிஐ என்ற கீயின் "ஸ்டார்ட்" மதிப்பை முதலில் 0 ஆக்கி, அதன் பிறகே பயாஸில் மாற்ற வேண்டும்.

## க்ளோன் பாதியில் நின்றுவிடுகிறது

பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு) கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். அது மதிப்புகளைப் பதினாறடிமானத்தில் காட்டினால் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்; வரியின் அடையாள எண் மட்டும் பதினாறடிமானத்திலேயே இருக்கும். அடையாள எண் 5 (அங்கே 05), மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள். எண் 197 (அங்கே சி5), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். 197இல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் சாதாரண க்ளோன் மென்பொருள் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அப்போது அதையே மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஒவ்வொரு முயற்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். முக்கியக் கோப்புகளை முதலில் காப்பி எடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டுமென்றால் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுக் கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். மேப் கோப்பு கொடுத்து ஓட்டினால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 500 ஜிபி டிஸ்க்கை நேராக 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு இப்படி எடுக்க முடியாது. இடையில் ஒரு பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும்.

டிஸ்க் நன்றாக இருந்தும் நிற்கிறதா? ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி வழியாகப் படிக்கிறீர்கள் என்றால் மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், யுஎஸ்பி 3 என்றால் 900. டக் டக் என்று தலை திரும்பும் ஓசை கேட்டால் இரட்டை முனை கேபிள் போடுங்கள். அல்லது இடத்தை மாற்றுங்கள்: ஹார்டு டிஸ்க் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கட்டும், எஸ்எஸ்டி யுஎஸ்பியில்.

"இடம் போதாது" என்று வந்தால் சி-யைச் சுருக்க வேண்டும். 240 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 223 ஜிபி என்றுதான் காட்டும், அதற்குள் அடங்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சுருக்கப் போனால் காலி இடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் சுருங்கும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேட், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்குங்கள். க்ளோன்சில்லா என்ற க்ளோன் மென்பொருள் இயல்பாக இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சிறியதாக இருந்தால் மறுக்கும். எக்ஸ்பர்ட் மோடில் அளவுச் சோதனையைத் தவிர்க்கும் தேர்வு உண்டு. எஸ்எஸ்டி கம்பெனியே தரும் மென்பொருள் இந்தச் சுருக்கும் வேலையைத் தானே செய்துவிடும், ஆனால் அந்தக் கம்பெனி டிரைவ் மாட்டியிருந்தால்தான் ஓடும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் க்ளோனுக்கு முன்பே முழுதாக நீக்குங்கள்.

## இடம் முழுதாகக் காட்டவில்லை

500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, க்ளோன் செய்த பிறகு சி பழைய 300 ஜிபியாகவே இருக்கும். மிச்சம் கடைசியில் "அன்அலொகேட்டட்". "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கலாக இருந்தால் சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் நிற்கிறது. ஜிபார்ட்டட் (பார்ட்டிஷன்களை நகர்த்தும் மென்பொருள்) பென்டிரைவில் எழுந்து, ரெகவரியைக் கடைசிக்கு நகர்த்திவிட்டுப் பிறகு சி-யை நீட்டுங்கள்.

## ஓடுகிறது, ஆனால் வேகம் வரவில்லை

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் "டிரான்ஸ்ஃபர் மோடு" என்ற வரியில் இரண்டு எண் இருக்கும்: இப்போது ஓடும் வேகம், டிரைவின் உச்ச வேகம். 600 என்றால் சாட்டா 3, நிஜத்தில் 550 எம்பி வரை வரும். 300 என்றால் 270 எம்பி சுற்றுவட்டம். 150 என்றால் 130ஐத் தாண்டாது. திங்க்பேட் டி61 போன்ற மெஷின்களில் பயாஸே அப்படிக் கட்டிவைத்திருக்கிறது. இதற்காக வருந்த வேண்டியதில்லை. 5400 சுழற்சி டிஸ்க் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்கவே பத்துப் பதினைந்து மில்லிவிநாடி எடுக்கும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். கைக்குத் தெரியும் வேகம் அதுதான், சாட்டா 1இலும் அது கிடைக்கும். ஆனால் சாட்டா 3 மெஷினில் 150 அல்லது 300 காட்டினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஸ்மார்ட்டில் எண் 199 (அங்கே சி7) வரி நாளுக்கு நாள் ஏறினால் உறுதி.

எக்ஸ்பி காலத்து டிஸ்க்கைக் க்ளோன் செய்திருந்தால் பார்ட்டிஷன் தப்பான இடத்தில் தொடங்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் போய்த் தொடக்க ஆஃப்செட்டைப் பாருங்கள். 4096ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 10,48,576 சரி, 32,256 தவறு. தவறாக இருந்தால் ஒவ்வொரு எழுதலும் இரண்டு பக்கங்களைத் தொடும்.

பெரிய கோப்பு காப்பி செய்யும்போது முதலில் பறந்து, சில பத்து ஜிபிக்குப் பிறகு 100 எம்பிக்குக் கீழே விழுந்தால் அது மலிவு எஸ்எஸ்டியின் கேஷ் நிரம்பியது. கோளாறு இல்லை, குணமே அப்படி. ஆனால் நம்ப முடியாத மலிவில் 2 டிபி வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூவில் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலி டிரைவ் தன் உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் பொய் சொல்லத் தொடங்கும்.

ராம் 2 ஜிபிதான் என்றால் எஸ்எஸ்டி மட்டும் காப்பாற்றாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், 4 ஜிபி ராமோடு இலகுவான லினக்ஸ் போடுவது இந்த மெஷின்களுக்குப் பொருத்தம் என்பது எங்கள் கட்சி.

## அரை நிமிடம் உறைந்து, பிறகு ஓடுகிறது

மவுஸ் நகரும், மற்றதெல்லாம் நிற்கும், டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் 129ஆம் எண்ணைத் தேடுங்கள்: "ரீசெட் டு டிவைஸ்" என்று இருக்கும். கன்ட்ரோலர் மின்சாரம் மிச்சம் பிடிக்க சாட்டா இணைப்பைத் தூங்கவைக்கிறது, சில பழைய சிப்செட்டும் சில எஸ்எஸ்டியும் சேர்ந்தால் எழ மறுக்கிறது. சோதனைக்கு பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபார்மன்ஸ் வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால், இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருள் உள்ள மெஷினில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் "லிங்க் பவர் மேனேஜ்மென்ட்"டை அணையுங்கள். பேட்டரி கொஞ்சம் குறையும். எஸ்எஸ்டிக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருந்தால் அதையும் போடுங்கள், டேட்டா பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்போதே.

## டிவிடி இடத்தில் கேடி போட்டபின் தொல்லை

டிவிடி டிரைவுக்குப் பதில் கேடி (அந்த இடத்தில் இன்னொரு டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) வைத்து இரண்டு டிஸ்க் ஓட்டுகிறவர்கள் முதலில் தடிமனைப் பார்க்க வேண்டும்: 12.7 மிமீ, 9.5 மிமீ என்று இரு வகை. எஸ்எஸ்டியை முதன்மைக் குழியிலும், பழைய ஹார்டு டிஸ்க்கைக் கேடியிலும் வையுங்கள். பல மெஷின்களில் டிவிடி போர்ட் மெதுவானது, சில பயாஸ்கள் அங்கிருந்து பூட் ஆகவே விடாது. க்ளோன் செய்த உடனே இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் இரண்டுக்கும் ஒரே டிஸ்க் கையெழுத்து இருப்பதால் விண்டோஸ் ஒன்றை "ஆஃப்லைன்" ஆக்கிவிடும். முதல் பூட் எஸ்எஸ்டியில் மட்டும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு பழையதைக் கேடியில் போட்டு, அதன் பூட் பார்ட்டிஷனை நீக்குங்கள். தூக்கத்திலிருந்து எழும்போது கேடி டிஸ்க் காணாமல் போனால், கேடியின் பக்கத்தில் குட்டி ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அதை ஒரு நிலை தள்ளி வைத்தாலே தீர்ந்துவிடும். ஸ்விட்ச் இல்லாத கேடி என்றால் அந்த டிஸ்க்கை அணைக்கும் நேரத்தைப் பவர் ஆப்ஷனில் "நெவர்" என்று வைக்க வேண்டியதுதான்.